வீடு கொடுத்த பிறகும் பிளாட்பாரத்தில்: சென்னை வீடற்றோர் திட்டங்கள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

வீடில்லாதவர்களுக்கு அரசு செய்வது பலன் தருகிறதா என்று சென்னையில் கேட்டால் முதலில் கையில் கிடைப்பது கட்டடக் கணக்கு. நகரின் தென்கோடியில் உள்ள கண்ணகி நகரில் 15,656 வீடுகள், எழில் நகரில் 8,048, செம்மஞ்சேரியில் 6,764, பெரும்பாக்கத்தில் 20,000க்கும் மேல். இந்தியாவில் வேறு எந்த மாநகரமும் ஏழைகளுக்காக ஒரே திசையில் இத்தனை வீடுகளை எழுப்பியிருக்குமா என்பது சந்தேகம்தான். அதே நகரில் இரவு பத்து மணிக்கு மேல் வடசென்னையின் பழைய வியாபாரப் பகுதியான ஜார்ஜ் டவுன், வால்டாக்ஸ் சாலை, யானைக்கவுனி பக்கம் நடந்து பாருங்கள். கடை ஷட்டர் இறங்கியதும் பாய் விரிகிறது. குழந்தை நடுவில், பெண்கள் சுவரோரம், ஆண்கள் சாலைப் பக்கம். வண்டி ஏறினால் முதலில் அடிபடுவது யார் என்று யோசித்து வைத்த வரிசை அது.

கட்டடக் கணக்கும் பொய்யில்லை, பிளாட்பாரமும் பொய்யில்லை. இரண்டும் எப்படி ஒரே ஊரில் இருக்கின்றன என்பதை ஒரு குடும்பத்தின் வழியாகப் பார்க்கலாம்.

ஒரு குடும்பம், இரண்டு பதிவேடு

ஜார்ஜ் டவுனின் பூக்கடைப் பகுதியில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் வாசலில் வாழ்கிற குடும்பம். அடையாளம் தெரியக் கூடாது என்பதால் பெயர், தெரு இரண்டையும் விட்டுவிடுகிறேன். மூத்தவர் அறுபதைக் கடந்த ஆயா. பிறந்ததே இந்தப் பிளாட்பாரத்தில்தான். மழை பொய்த்த ஓர் ஆண்டில் செங்கல்பட்டுப் பக்கமிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள் அவருடைய பெற்றோர். ஆயாவுக்கு இரண்டு மகள்கள். இருவருக்கும் கல்யாணமாகி, பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பெரிய மகளுக்குப் பெரும்பாக்கத்தில் வீடு கிடைத்தது. கணக்கெடுப்பு நாளில் அவர்கள் எல்லோரும் இடத்தில் இருந்தார்கள், டோக்கன் வாங்கினார்கள், கைரேகை வைத்தார்கள், அலாட்மென்ட் ஆர்டரும் வந்தது. சின்ன மகளின் குடும்பம் அன்று சமையல் வேலைக்காக வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தது. பட்டியலில் பெயர் ஏறவில்லை. அதற்குப் பிறகு மனு மேல் மனு.

அரசுப் பதிவேட்டின்படி பெரிய மகள் மறுகுடியமர்த்தப்பட்டவர். சின்ன மகள் வீடற்றவர். வாரத்தில் ஐந்து ராத்திரி இருவரும் படுப்பது ஒரே கடை வாசலில்.

பெரிய மகளின் கணவர் மீன்பாடி வண்டி எனும் மூன்று சக்கர மிதிவண்டியில் சரக்கு ஏற்றுகிறவர். அவர் மனைவி விடியற்காலையில் மொத்தமாகப் பூ வாங்கி, கட்டி, தெருத்தெருவாக விற்பவர். இரண்டு வேலையும் வெளிச்சம் வருவதற்கு முன்பே தொடங்குகின்றன. பெரும்பாக்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தாலும், பாரிமுனையில் இறங்குவதற்குள் நல்ல சரக்கும் நல்ல சவாரியும் கைமாறியிருக்கும். மீன்பாடி வண்டியைத் தினமும் அவ்வளவு தூரம் மிதித்து வருவதும் நடக்காத காரியம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அது உண்மையிலேயே பெரிய உதவி என்று அந்தப் பெண்ணே சொல்கிறார். ஆனால் மிச்சமானது டிக்கெட் காசுதான். போக வர ஆகிற நாலு மணி நேரத்தை எந்த அரசாணையும் திருப்பித் தர முடியாது.

"அங்க வீடு நல்லாத்தான் தம்பி கீது. கக்கூசு, தண்ணி, கதவு எல்லாம் கீது. ஆனா வயித்துக்கு என்னா பண்றது? சனிக்கெழம ராத்திரி போய்ட்டு திங்கக்கெழம காத்தால வந்துர்றோம்" என்றார் அவர். சொல்லும்போது கை பூக்கட்டுவதை நிறுத்தவில்லை.

இப்படி வீட்டைச் சனி, ஞாயிறுக்கு மட்டும் வைத்துக்கொண்டவர்கள் ஒருபுறம், பூட்டிப் போட்டவர்கள், உள்வாடகைக்கு விட்டவர்கள் மறுபுறம். "வீடு குடுத்தா வாடகைக்கு விட்டுட்டு மறுபடி ரோட்டுக்கு வந்துடுறாங்க" என்று அலுவலகங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சில் ஒரு பழி இருக்கிறது. எனக்கு அதை ஏற்க முடியவில்லை. கதவும் கழிப்பறையும் உள்ள ஒரு வீட்டை விட்டுவிட்டு வயசுக்கு வந்த மகளைக் கூட்டிக்கொண்டு தெருவில் படுக்க எந்தத் தாயும் ஆசைப்பட மாட்டாள். அவள் திரும்பி வருகிறாள் என்றால் பிழைப்பு அவளை இழுக்கிறது. அந்தத் தகவல் திட்டத்தைப் போட்டவர்களுக்குத்தான் முதலில் போய்ச் சேர வேண்டும்.

எங்கிருந்து தொடங்கியது

இந்த விஷயத்தில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் அல்ல. குடிசை மாற்று வாரியம் 1970இல் வந்துவிட்டது, அதற்கான சட்டம் 1971இல். ‘ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்’ என்பது அன்றைக்கு வாரியச் சுவர்களில் எழுதப்பட்ட வாசகம். அந்தக் காலத்து வாரியக் கட்டடங்கள் பெரும்பாலும் மக்கள் இருந்த இடத்திலேயே எழுந்தன. நொச்சிக்குப்பத்து மீனவர் கடலை விட்டு நகர வேண்டியிருக்கவில்லை. கட்டடத் தரத்தில் ஆயிரம் குறை சொல்லலாம், இடத்தில் குறை சொல்ல முடியாது.

1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைப்புரிமையும் வாழ்வுரிமையின் பகுதிதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது பலருக்குத் தெரியும். சென்னை நடைபாதைவாசிகளுக்காக, அப்போது வழக்கறிஞராக இருந்த கே.சந்துரு தொடுத்த வழக்கிலும் அதே ஆண்டில்தான் தீர்ப்பு வந்தது. ஆக, வேலையையும் உறைவிடத்தையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்ற பேச்சு இந்த ஊருக்கு நாற்பது வருடப் பழக்கம்.

பிறகு நகரத்துக்குள் நிலத்தின் விலை ஏறியது. 2000 வாக்கில் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் தொடங்கியது. முதலில் கட்டிய வீடுகள் 200 சதுர அடிகூட இல்லை. சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. மத்திய அரசின் ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டப் பணத்தில் எழில் நகரும், எட்டு அடுக்குப் பெரும்பாக்கமும். எல்லாமே தென்கோடியில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதியில். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் அங்கே சூழ்ந்ததில் வியப்பில்லை. வாரியத்தின் பெயர் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. அதே ஆண்டு மறுகுடியமர்வுக்கான வரைவுக் கொள்கையும் வெளியானது.

இந்தக் குடியிருப்புகளைத் தோல்வி என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட நான் தயாராக இல்லை. அங்கே வளர்ந்த தலைமுறை ஒன்று இருக்கிறது. 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண். முகவரியைச் சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்கிய ஊரில் அந்தப் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்ல வைத்தாள் அந்தப் பெண். பழைய மாமல்லபுரம் சாலை வளர வளர, அலுவலகத் துப்புரவு, காவல், வீட்டு வேலை என்று அக்கம்பக்கத்திலேயே பிழைப்பைப் பிடித்துக்கொண்ட குடும்பங்கள் அங்கே வேரூன்றிவிட்டன. போன இடத்தில் வேலை அமைந்தவர்கள் தங்கினார்கள். பழைய இடத்தோடு பிணைந்த வேலையை உடையவர்கள் திரும்பினார்கள்.

காப்பகம் என்ற இன்னொரு கதவு

வாரிய வீடு என்பது அடிப்படையில் குடிசைப் பகுதி மக்களுக்கானது. வெறும் நடைபாதையில் படுப்பவருக்கென்று அரசு வைத்திருப்பது காப்பகம். டெல்லியில் குளிரில் மக்கள் செத்ததைத் தொடர்ந்து 2010இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருடம் முழுவதும், 24 மணி நேரமும் என்று உத்தரவிட்டது. 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதையே திட்டமாக்கியது: ஒரு காப்பகத்தில் 50 முதல் 100 பேர், ஆளுக்கு 50 சதுர அடி.

சென்னையில் மாநகராட்சி நிதி கொடுக்கிறது, தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. ஆண்களுக்கு, பெண்களுக்கு, முதியோருக்கு, சிறுவர் சிறுமியருக்கு, மனநலம் பாதிக்கப்பட்டவர்களுக்கு என்று தனித்தனியாகப் பிரித்து வைத்தது நல்ல முடிவு. விரிவடைந்த மாநகராட்சியில் 2011 கணக்குப்படியே மக்கள்தொகை ஏறக்குறைய 67 லட்சம். லட்சத்துக்கு ஒன்று என்றால் குறைந்தது 67 காப்பகம் வேண்டும். அந்த எண்ணைச் சென்னை இன்னும் தொடவில்லை. ஆனாலும் பல பெருநகரங்களை விட இங்கே ஏற்பாடு மேல்.

இப்போது ஆயாவின் குடும்பத்தைக் காப்பகத்துக்கு அனுப்பிப் பாருங்கள். ஆயா முதியோர் காப்பகத்துக்கு, மகள் பெண்கள் காப்பகத்துக்கு, மருமகன் ஆண்கள் காப்பகத்துக்கு, பதினைந்து வயதுப் பேரன் சிறுவர் இல்லத்துக்கு. மீன்பாடி வண்டியை எங்கே நிறுத்துவது? தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம், தகரப் பெட்டி, அடுப்பு, கல்யாணச் சமையலுக்குப் போகும்போது எடுத்துப்போகும் பாத்திரங்கள், இவற்றை எங்கே வைப்பது? ஒரு குடும்பம் குடும்பமாகவே இருக்க வேண்டும் என்றால் காப்பகத்தில் இடமில்லை. சென்னை நடைபாதைவாசிகளில் கணிசமானவர்கள் இப்படித் தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தோடு வாழ்கிறவர்கள் என்பது இந்தத் துறையில் வேலை செய்கிற எவருக்கும் தெரியும். தனி ஆட்களை மனத்தில் வைத்து வரைந்த ஏற்பாட்டைக் குடும்பங்கள் நிராகரித்ததும், "கூப்பிட்டாலும் வர மாட்டேங்கிறாங்க" என்ற வரி அறிக்கையில் ஏறிவிடுகிறது.

பணத்தையும் பார்க்க வேண்டும். திட்ட வழிகாட்டியில் 50 பேர் காப்பகத்தை நடத்த வருடத்துக்கு ஒதுக்கியது 6 லட்சம் ரூபாய். வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 33 ரூபாய்தான் வருகிறது. மேலாளர், மூன்று ஷிப்டுக்குப் பராமரிப்பாளர்கள், மின்சாரம், துப்புரவு எல்லாம் அதற்குள். இந்தக் காசில் ஒருவரைத் தூங்க வைக்கலாம். அவருக்கு ஆதார் எடுத்து, ரேஷன் அட்டை வாங்கி, முதியோர் உதவித்தொகைக்கு மனுப் போட்டு, குடிநோய் சிகிச்சைக்கு அழைத்துப் போய், வேலைக்கு ஏற்பாடு செய்து, வாடகை அறைக்கு மாற்றிவிட ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ஒதுக்கீட்டில் இடமில்லை.

அப்படியும் சில காப்பகங்கள் சாதித்திருக்கின்றன. அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளோடு வருகிறவர்களுக்காக அமைத்த காப்பகங்களைச் சொல்வேன். தருமபுரியிலிருந்து, கள்ளக்குறிச்சியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு வரும் தாய்க்கு வார்டு மூடிய பிறகு படுக்க இடம் வேண்டும், குளிக்க இடம் வேண்டும், துணி துவைக்க இடம் வேண்டும். சில நாள், சில வாரம். தேவையும் ஏற்பாடும் அளவெடுத்த மாதிரிப் பொருந்துகின்றன. ஆதரவற்ற முதியோர் காப்பகங்களும் அப்படித்தான், அங்கே வருகிறவர் உண்மையில் தனி ஆள்.

மனநலம் குன்றித் தெருவில் திரிந்தவர்கள் விஷயத்தில் சென்னை நாட்டுக்கே வழி காட்டியிருக்கிறது. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் தொடங்கிய பான்யன் அமைப்பு, சிகிச்சை முடிந்தும் போக வீடில்லாமல் ஆண்டுக்கணக்கில் விடுதியிலேயே கிடந்தவர்களை நாலைந்து பேராகச் சேர்த்து, ஊருக்கு நடுவே சாதாரண வாடகை வீடுகளில் குடியமர்த்தியது. சமைப்பது, கடைக்குப் போவது, பக்கத்து வீட்டாரோடு பேசுவது எல்லாம் அவர்களே, உதவிக்கு ஒரு பணியாளர். வாடகை வீட்டை வைத்து வீடின்மையைத் தீர்க்க முடியும் என்பதற்கு நம் ஊர்ச் சான்று இது. மிகவும் நலிந்தவர்களுக்கே இது முடிந்திருக்கிறது. உடம்பில் தெம்போடு, கையில் தொழிலோடு இருக்கிற பூக்காரக் குடும்பத்துக்கு ஏன் முடியாது?

வாடகை கொடுக்க முடியும், அட்வான்ஸ் கொடுக்க முடியாது

ஆயாவின் சின்ன மருமகனிடம் நான் கேட்டது இதுதான்: இங்கேயே சந்துக்குள் ஓர் அறை எடுத்தால் என்ன? அவர் எரிச்சலே படவில்லை. விரலை மடக்கிச் சொன்னார். கட்டணக் கழிப்பறைக்கு வீட்டில் எல்லோரும் போய்வர ஒரு நாளைக்கு இவ்வளவு, குளிக்க இவ்வளவு, போன் சார்ஜ் போட, குடிதண்ணீர் கேன், சாமான் வைக்கக் கடைக்காரருக்குக் கொடுப்பது, மழைக்கால ராத்திரியில் சமைக்க முடியாமல் ஓட்டலில் வாங்குவது. எல்லாம் கூட்டினால் மாதக் கடைசியில் ஒரு சின்ன அறையின் வாடகைக்குக் கிட்டே வருகிறது. தெருவில் வாழ்வது இலவசம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை கேட்க வேண்டும்.

தடை எங்கே என்றால் அட்வான்ஸ். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது ஊர் வழக்கம். 2017 வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. சட்டம் சந்துக்குள் வரவில்லை. அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் செலவழிக்கிற வீட்டில் ஐம்பதாயிரம் மொத்தமாக எப்போது சேரும்? சேரும்போது ஒரு சாவு வரும், ஒரு மஞ்சள் நீராட்டு வரும். அதற்கு மேல் "எங்க இருந்தீங்க?" என்று வீட்டுக்காரர் கேட்பார். பதில் சொன்னதும் கதவு சாத்திக்கொள்ளும்.

வாரிய வீடு வாங்கவும் பயனாளி பங்குத்தொகை கட்ட வேண்டும், பெரும்பாக்கத்தில் மாதம் 750 ரூபாய் பராமரிப்புக் கட்டணம். ஒரு வீட்டைக் கட்ட அரசு பல லட்சம் செலவழிக்கிறது. அதில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, நகரத்துக்குள் வாடகைக்குப் போகிற குடும்பத்தின் அட்வான்ஸுக்கு மாநகராட்சியே பொறுப்பேற்று, முதல் ஓராண்டுக்கு வாடகையில் ஒரு பகுதியையும் கொடுத்தால் எத்தனை குடும்பம் பிளாட்பாரத்தை விட்டு எழும் என்பதைச் சோதித்துப் பார்க்கலாம். அட்வான்ஸ் திரும்பி வரும் பணம். ஒரு குடும்பம் சொந்தக் காலில் நின்றதும் அடுத்த குடும்பத்துக்குப் போகும்.

கனடா இதை அளந்து பார்த்தது. 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் 2,000க்கும் மேற்பட்ட வீடற்றவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோரும் மனநலப் பாதிப்பு உள்ளவர்கள். ஒரு பிரிவுக்குச் சிகிச்சை பெற வேண்டும் என்ற நிபந்தனையில்லாமல் வாடகை உதவியும் துணைப் பணியாளரும், மறு பிரிவுக்கு வழக்கமான ஏற்பாடு மட்டும். இரண்டு வருடம் பின்தொடர்ந்தார்கள். கடைசி ஆறு மாதமும் முழுக்க வீட்டிலேயே இருந்தவர்கள் முதல் பிரிவில் 62 சதவீதம், மறு பிரிவில் 31 சதவீதம். கனடாவின் ஊதியமும் வாடகையும் வேறு, அந்த எண்களை அப்படியே சென்னைக்குப் பொருத்த முடியாது. நான் இங்கே எடுத்துக்கொள்வது கேட்ட கேள்வியை. எத்தனை சாவி கொடுத்தோம் என்று அவர்கள் கேட்கவில்லை. எத்தனை ராத்திரி அவர் அங்கே தூங்கினார் என்று கேட்டார்கள்.

சென்னையில் எதை அளப்பது

பெரிய மகளின் வீட்டை இந்தக் கேள்வியால் அளந்தால் மாதத்தில் எட்டு ராத்திரி தேறும். கட்டடக் கணக்கில் அது முழு வீடு. மதிப்பீடு செய்கிறவர்கள் ஒதுக்கீட்டு ஆணைக்கு ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துப் போய் அதே குடும்பத்தைத் தேட வேண்டும். யார் தூங்குகிறார்கள், மாத வருமானம் ஏறியதா இறங்கியதா, படிப்பை நிறுத்திய பிள்ளை உண்டா, பெண்களின் வேலை என்ன ஆயிற்று. இந்த நாலும் தெரிந்தால் போதும், எந்தத் திட்டம் நிற்கிறது என்று தெரிந்துவிடும். இதில் பிள்ளைகள் கேள்வியை யாரும் தவறவிடக் கூடாது. பெரிய மகளின் பையன் ஒன்பதாம் வகுப்பு நடுவில் பள்ளி மாறினான், புதிய இடத்தில் ஒட்டவில்லை, இப்போது அப்பாவோடு வண்டி தள்ளுகிறான். வீடு கிடைத்த குடும்பத்தில் படிப்பு நின்றது. வீடு கிடைக்காத சித்தி வீட்டுப் பெண் பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில் தெருவிளக்கில் படித்துப் பதினொன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

காப்பகத்துக்கும் அளவுகோல் மாற வேண்டும். ஐம்பது பாயும் நிரம்பியிருக்கிறது என்பது காப்பகம் சரியாக நடக்கிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். முதியோர் காப்பகத்தில் அதே முகங்கள் வருடக்கணக்கில் இருப்பது வெற்றி. வேலைக்குப் போகும் வயதினரின் காப்பகத்தில் அதே முகங்கள் இருந்தால் அங்கே ஏதோ தேங்கியிருக்கிறது. இரண்டையும் ஒரே படிவத்தில் நிரப்பச் சொல்வதால்தான் வித்தியாசம் தெரியாமல் போகிறது.

தூரத்துக்கு மாற்றே இல்லை என்ற வாதமும் முழுக்க நிற்காது. ஜார்ஜ் டவுனிலிருந்து நடந்தே போகக்கூடிய மூலக்கொத்தளத்தில் வாரியம் அடுக்குமாடி எழுப்பியிருக்கிறது. வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2024இல் தங்கசாலையிலேயே தொடங்கி வைக்கப்பட்டது. பிளாட்பாரத்துக்குப் பக்கத்தில் நிலமும் இருக்கிறது, பணமும் ஒதுக்கப்படுகிறது. அந்த வீடுகளில் நடைபாதைக் குடும்பங்களுக்கென்று தனிப் பங்கு வைப்பதும், ஒரு நாள் கணக்கெடுப்பில் விடுபட்டவர்களுக்கு மறுவாய்ப்புக் கொடுப்பதும் முடிவெடுத்தால் நடக்கிற வேலை. பகலில் கணக்கெடுக்காமல் இரவில் எடுத்தாலே பாதிப் பேர் விடுபட மாட்டார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றவர்களை எண்ணியது பிப்ரவரி 28 இரவு. நாடு முழுக்க 17.7 லட்சம் பேர், அதில் நகரங்களில் மட்டும் 9.38 லட்சம். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். அதையொட்டி மாநகராட்சி தன் அளவில் ஓர் இரவுக் கணக்கெடுப்பு நடத்தலாம். பெயர், வயதோடு இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டால் போதும்: உங்களுக்கு எப்போதாவது வீடு ஒதுக்கினார்களா? ஒதுக்கியிருந்தால், இன்று ராத்திரி ஏன் இங்கே இருக்கிறீர்கள்? கேட்கப் போகிறவர்கள் பத்து மணிக்கு மேல் போக வேண்டும், நாலு மணிக்குள் முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அவர்கள் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள்.